ஒரு சோறு பதமாகாத விளையாட்டு: பேஸ்பால் சீசன் ஓர் எளிய அறிமுகம்

2019 மே 23. வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி நியூயார்க்கில் மெட்ஸ் அணியிடம் தொடர்ந்து நான்காவது நாளாகத் தோற்றது. அன்றோடு 50 ஆட்டங்கள் முடிந்திருந்தன. கணக்கு: 19 வெற்றி, 31 தோல்வி. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நம்மிடம் இதைக் காட்டினால் என்ன சொல்வோம்? கேப்டனை மாற்று, கோச்சை அனுப்பு, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். அங்கேயும் ஏறக்குறைய அதே பேச்சுதான். மேனேஜர், அதாவது தலைமைக் கோச், டேவ் மார்டினஸின் வேலை போய்விடும் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது.

அதே அணி, அதே மேனேஜரோடு, அக்டோபர் 30 இரவு ஹூஸ்டனில் கோப்பையைத் தூக்கியது.

அதிசயம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் பேஸ்பால் சீசன் எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு பார்த்தால், இதில் பாதிதான் அதிசயம். மீதி வெறும் கணக்கு. அந்தக் கணக்கைப் புரியவைக்க எனக்குத் தெரிந்த மிக நல்ல உதாரணம் இந்த 2019 நேஷனல்ஸ்தான். அதனால் அவர்களைக் கூடவே வைத்துக்கொண்டு போவோம்.

முதலில், விளையாட்டே தெரியாதவர்களுக்கு நாலு வரி. இரண்டு அணிக்கும் தலா ஒன்பது இன்னிங்ஸ். ஓர் இன்னிங்ஸில் மூன்று பேர் அவுட் ஆனால் மட்டை எதிரணிக்குப் போகும். பந்து எறிபவர் பிட்சர், அடிப்பவர் பேட்டர். நான்கு பேஸ்களைச் சுற்றி வந்தால் ஒரு ரன். பந்து வேலியைத் தாண்டிப் பறந்தால் ஹோம் ரன். அப்போது பேஸ்களில் காத்து நிற்பவர்களும் சேர்ந்து ஓடி வந்துவிடுவார்கள் என்பதால் ஒரே அடியில் அதிகபட்சம் நான்கு ரன் கிடைக்கும். உள்ளூர் அணி எப்போதும் இரண்டாவதாகத்தான் மட்டை பிடிக்கும். ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் சமநிலை என்றால் பத்து, பதினொன்று என்று யாராவது ஜெயிக்கும்வரை ஆட்டம் நீளும். இவ்வளவு போதும்.

162 எங்கிருந்து வந்தது

மேஜர் லீக் பேஸ்பாலில் மொத்தம் 30 அணிகள். அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று பாதிப் பாதியாகப் பிரிந்தவை. ஒவ்வொரு லீகிலும் கிழக்கு, மத்தியம், மேற்கு என்று மூன்று டிவிஷன். டிவிஷனுக்கு ஐந்து அணி. மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசிவரை ஓர் அணி ஆடும் ஆட்டங்கள் 162. சொந்த ஊரில் 81, வெளியூரில் 81.

162 என்பது யாரோ சாமி வந்து சொன்ன எண் அல்ல. ஒரு லீகில் எட்டு அணிகள் இருந்த காலத்தில், மற்ற ஏழு அணிகளோடும் தலா 22 முறை ஆடினார்கள்: 154. 1961ல் அமெரிக்கன் லீகும் 1962ல் நேஷனல் லீகும் பத்து அணிகளாகப் பெருகின. ஒன்பது எதிரிகள், தலா 18 ஆட்டம்: 162. அப்புறம் மேலும் அணிகள் சேர்ந்தன, டிவிஷன்கள் வந்தன, அந்தப் பெருக்கல் பொருந்தாமல் போயிற்று. எண் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

ஐபிஎல் லீக் சுற்றில் ஓர் அணி ஆடுவது 14 ஆட்டம். பேஸ்பால் அணி ஏப்ரல் பாதியிலேயே அதைத் தாண்டிவிடும். ஏறக்குறைய தினமும் ஆட்டம் உண்டு. ஓர் ஊருக்குப் போனால் அங்கேயே மூன்று நாளோ நான்கு நாளோ தங்கி, அதே எதிரியோடு தினம் ஓர் ஆட்டம்; இதற்குத்தான் சீரிஸ் என்று பெயர். முடிந்த இரவே விமானம் ஏறி அடுத்த ஊர். மழையால் ஆட்டம் நின்றுபோனால் அதை இன்னொரு நாளில் சேர்த்து ஒரே நாளில் இரண்டு ஆடுவார்கள், அது டபுள்ஹெடர். ஒரே டிவிஷன் எதிரியோடு 2019ல் 19 முறை ஆட வேண்டியிருந்தது. இப்போது அதை 13 ஆகக் குறைத்திருக்கிறார்கள்.

இத்தனை ஆட்டம் எதற்கு என்ற கேள்வி எனக்கும் வந்தது. டிக்கெட் வருமானம், டிவி வருமானம் எல்லாம் காரணம்தான். ஆனால் அதையும் தாண்டி ஒன்று இருக்கிறது. பேஸ்பாலில் ஒற்றை ஆட்டத்தை வைத்து எதையுமே சொல்ல முடியாது.

நல்ல அணியும் தோற்கும், நிறையவே தோற்கும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். பேஸ்பால் பானையில் அந்தக் கதை நடக்காது. 2001ல் சியாட்டில் மரினர்ஸ் 116 ஆட்டங்களை வென்றது. அதைத் தாண்டி ஒரே சீசனில் ஜெயித்த அணி இன்றுவரை கிடையாது. சிகாகோ கப்ஸ் 1906லேயே அதே எண்ணைத் தொட்டிருந்தது, அவ்வளவுதான். அப்பேர்ப்பட்ட மரினர்ஸும் அந்த வருஷம் 46 முறை தோற்றது. மறுபக்கம், 2024ல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 121 தோல்விகளோடு நவீன காலத்தின் மிக மோசமான சாதனையைப் படைத்தது. அந்த அணியும் 41 முறை ஜெயித்திருக்கிறது!

ஆக, எல்லா அணிகளும் ஏறக்குறைய 40 ஆட்டங்கள் ஜெயிக்கும், 40 ஆட்டங்கள் தோற்கும் என்று வைத்துக்கொள்ளலாம். சண்டை எல்லாம் நடுவில் இருக்கும் 80 சொச்சத்துக்குத்தான். 90 வெற்றி என்றால் நல்ல அணி. 100 என்றால் மிரட்டும் அணி. வாரத்துக்கு இரண்டரை ஆட்டம் தோற்றுக்கொண்டே ஓர் அணி மகத்தான அணியாக இருக்க முடியும். கிரிக்கெட் ரசிகர்களுக்கு இதை ஜீரணிக்கத்தான் முதலில் கொஞ்சம் நாளாகும்.

தனி ஆளுக்கும் இதே விதி. 2019ல் நேஷனல்ஸின் மிகச் சிறந்த பேட்டர் ஆன்டனி ரெண்டோன். அவருடைய சராசரி .319. அதாவது நூறு முயற்சியில் ஏறக்குறைய 32 முறைதான் அடித்துத் தப்பித்து பேஸை அடைந்தார். மீதி 68 முறை தலையைக் குனிந்தபடி திரும்பி வந்தார். அந்த ஆண்டின் மிகப் பெரிய நட்சத்திரங்களில் ஒருவருக்கே இந்தக் கதி.

ஐந்து பிட்சர், ஐந்து அணி

அணி தினமும் மாறிக்கொண்டிருப்பதற்கு இன்னொரு பெரிய காரணம் பிட்சர். ஓர் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர், ஸ்டார்ட்டர், சுமார் நூறு பந்துகள் எறிவார். வேகப்பந்து என்றால் மணிக்கு 150 கிலோமீட்டரைச் சுற்றி இருக்கும். அதுவும் கிரிக்கெட் போல ஓடி வந்து அல்ல, நின்ற இடத்திலிருந்தே. தோளும் முழங்கையும் என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு நாள் எறிந்தால் அடுத்த நான்கு நாள் ஓய்வு வேண்டும். அதனால் ஐந்து ஸ்டார்ட்டர்கள் சுழற்சி முறையில் வருவார்கள். இந்தச் சுழற்சிக்கு ரொட்டேஷன் என்று பெயர்.

இதன் விளைவு என்ன? திங்கட்கிழமை நீங்கள் பார்க்கும் அணியும் செவ்வாய்க்கிழமை பார்க்கும் அணியும் ஒன்றல்ல. நேஷனல்ஸ் ரொட்டேஷனில் முதல் மூவர் மேக்ஸ் ஷெர்சர், ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க், பேட்ரிக் கார்பின். மூவரும் கோடிகளில் சம்பளம் வாங்கியவர்கள், அதற்குத் தகுந்தவர்கள். நான்காவது அனிபல் சான்செஸ், அனுபவசாலி. ஐந்தாவது இடம் மட்டும் நிலையில்லாமல் ஆள் மாற்றி ஆள் என்று ஓடியது. ஸ்டார்ட்டர் களைத்ததும் உள்ளே வரும் பிட்சர்களின் கூட்டத்துக்கு புல்பென் என்று பெயர். நேஷனல்ஸின் புல்பென் அந்த ஆண்டு நேஷனல் லீகிலேயே படுமோசம். ஷெர்சர் ஆறு இன்னிங்ஸ் அருமையாக எறிந்து முன்னிலையைக் கொடுத்துவிட்டுப் போவார், பின்னால் வருகிறவர்கள் அதைத் தானம் செய்துவிடுவார்கள். மே 23 வரையிலான 31 தோல்விகளில் இந்த ரகம் நிறைய. அடிபட்டவர்கள் பட்டியல் வேறு நீண்டுகிடந்தது. ரெண்டோன், ட்ரே டர்னர், யுவான் சோட்டோ என்று முக்கியமான பேட்டர்கள் வெவ்வேறு நாட்களில் வெளியே உட்கார்ந்திருந்தார்கள்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் 19-31 என்ற கணக்கின் உண்மையான அர்த்தம் தெரியும். அணி மோசமில்லை. அணியின் ஒரு பாகம் மோசம், இன்னொரு பாகம் மருத்துவரிடம். இன்னும் 112 ஆட்டங்கள் மீதம்.

பட்டியலைப் படிப்பது

பேஸ்பாலில் புள்ளிகள் கிடையாது. நிகர ரன் ரேட் தலைவலியும் கிடையாது. வெற்றி, தோல்வி, அவ்வளவுதான். பட்டியலில் இன்னொரு பத்தி மட்டும் புதியவர்களைக் குழப்பும்: முதலிடத்திலிருந்து எத்தனை ஆட்டம் பின்னால் என்பது. முதலிடத்தில் இருக்கும் அணியின் வெற்றிகளிலிருந்து நம் வெற்றிகளைக் கழியுங்கள். நம் தோல்விகளிலிருந்து அவர்கள் தோல்விகளைக் கழியுங்கள். இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள். 2019 முடிவில் நேஷனல்ஸின் டிவிஷனில் அட்லாண்டா பிரேவ்ஸ் 97-65, நேஷனல்ஸ் 93-69. நான்கும் நான்கும் எட்டு, பாதி நான்கு. நான்கு ஆட்டம் பின்னால்.

எதற்குப் பாதியாக்க வேண்டும்? நேருக்கு நேர் ஆடி நீங்கள் ஜெயித்தால் உங்களுக்கு ஒரு வெற்றி, அவர்களுக்கு ஒரு தோல்வி. இரண்டு பக்கமும் சேர்ந்து ஓர் ஆட்டம் குறைகிறது. அதனால்தான். அணிகள் வெவ்வேறு எண்ணிக்கையில் ஆடியிருக்கும்போது இந்தப் பத்தியில் அரை ஆட்டம் என்றெல்லாம் வரும். பயப்பட வேண்டாம்.

இரண்டாமிடம் வந்தாலும் கதை முடிவதில்லை. டிவிஷன் வென்றவர்கள் போக, லீகில் நல்ல கணக்கு வைத்திருக்கும் மற்ற சிலருக்கும் அக்டோபரில் நடக்கும் நாக்அவுட் சுற்றுகளில் இடம் உண்டு. அதுதான் வைல்ட் கார்டு. 2019ல் லீகுக்கு இரண்டு வைல்ட் கார்டு, அந்த இருவரும் ஒரே ஓர் ஆட்டம் ஆடி ஒருவர் வெளியேற வேண்டும். 2022 முதல் லீகுக்கு மூன்று வைல்ட் கார்டு, அந்தச் சுற்றும் மூன்று ஆட்டச் சீரிஸாக மாறிவிட்டது. ஆறு மாதம் உழைத்துவிட்டு ஒரே ஆட்டத்தில் வீட்டுக்குப் போவது கொடுமை என்று சொன்னவர்கள் பலர். எனக்கென்னவோ அந்தக் கொடுமை பிடித்திருந்தது.

கோடை

மே 24 முதல் சீசன் முடிவுவரை நேஷனல்ஸின் கணக்கு 74-38. திடீரென்று மந்திரம் ஏதும் நடக்கவில்லை. அடிபட்டவர்கள் திரும்பினார்கள், ரொட்டேஷன் தன் வேலையைச் செய்தது. 'இன்றைக்கு ஒன்று' என்பதுதான் மார்டினஸின் பாடம். நேற்றைய தோல்வியையும் நாளைய எதிரியையும் விட்டுவிட்டு இன்றைக்கு 1-0 என்று போகச் சொல்வார். 162 ஆட்டம் ஆடுகிறவர்களுக்கு இது தத்துவம் அல்ல, பிழைக்கும் வழி. (பேஸ்பாலில் ஐம்பது வயதைத் தாண்டிய மேனேஜரும் வீரர்களின் சீருடையையே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஏன் என்று கேட்டால் அது அப்படித்தான் என்பார்கள்.)

ஜூன் 19ஐ மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். முந்தைய நாள் மழை, அதனால் அன்று பிலடெல்பியா பிலீஸோடு டபுள்ஹெடர். பயிற்சியில் பந்தைத் தட்டிவிடப் போய் அது தன் முகத்திலேயே பட்டு மூக்கை உடைத்துக்கொண்டிருந்தார் ஷெர்சர். கண்ணைச் சுற்றிக் கருநீலமாக வீங்கிய முகத்தோடு இரண்டாவது ஆட்டத்தில் இறங்கி, ஏழு இன்னிங்ஸில் ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. அதே நாளில்தான், அடி எதுவும் சரியாக விழாமல் தவித்துக்கொண்டிருந்த ஹெரார்டோ பார்ரா, மட்டை பிடிக்க நடந்து வரும்போது ஒலிக்கும் பாட்டை மாற்றினார். தன் சின்ன மகளுக்குப் பிடித்த சுறாமீன் குழந்தைப் பாட்டு அது. மைதானமே சிரித்தது. செப்டம்பருக்குள் மைதானத்துக்கு வந்தவர்கள் எல்லாம் இரு கைகளையும் சுறாவின் தாடை போலத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். நீண்ட சீசனுக்கு இதுவும் தேவை. தினமும் வேலைக்குப் போகிற இடத்தில் சிரிக்க ஏதாவது ஒன்று வேண்டாமா?

ஜூலை 31 இன்னொரு முக்கிய நாள். அந்த ஆண்டு அன்றோடு அணிகள் தங்களுக்குள் வீரர்களைக் கைமாற்றிக்கொள்ளும் காலம் முடிந்தது. ஜூலை என்பது ஒவ்வோர் அணியும் கண்ணாடி பார்க்கும் மாதம். இந்த வருஷம் நமக்கு வாய்ப்பு உண்டா? உண்டென்றால் எதிர்கால இளைஞர்களைக் கொடுத்து இன்றைக்கு உதவும் ஆளை வாங்கு. இல்லையென்றால் இருக்கும் நல்ல ஆளைக் கொடுத்து இளைஞர்களை வாங்கு. மே மாதத்துக் கணக்கை வைத்து நேஷனல்ஸ் கடையை மூடியிருந்தால் ரெண்டோன்கூட வேறு ஊருக்குப் போயிருப்பார். மூடவில்லை. ஓட்டைப் புல்பென்னுக்கு டேனியல் ஹட்சன் என்பவரை டொராண்டோவிலிருந்து வாங்கினார்கள். அவர் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் செப்டம்பர் 3. எதிரி மீண்டும் மெட்ஸ். ஒன்பதாவது இன்னிங்ஸில் மெட்ஸ் 10-4 என்று முன்னே போனதும் பாதி மைதானம் காலி. பேஸ்பாலில் ஆட்டத்தை முடித்துவைக்கும் கடிகாரம் கிடையாது, ஓவர் கணக்கும் கிடையாது. மூன்றாவது ஆளை அவுட் ஆக்கும்வரை எதிரணி உங்கள் முன்னால் நின்றுகொண்டேதான் இருக்கும். நேஷனல்ஸ் அந்த இன்னிங்ஸில் ஏழு ரன் எடுத்தது. கடைசி மூன்றும் கர்ட் சுசுகியின் ஹோம் ரன்னில் வந்தவை. 11-10. சீக்கிரம் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியவர்கள் ரேடியோவில் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

செப்டம்பர் 24 அன்று வைல்ட் கார்டு உறுதியானது. தோற்கடித்தது பிலீஸ் அணியை. அதில் ஒரு சின்ன வேடிக்கை உண்டு. நேஷனல்ஸின் செல்லப்பிள்ளையாக இருந்த பிரைஸ் ஹார்ப்பர் அந்த வருஷம்தான் 13 ஆண்டு, 33 கோடி டாலர் ஒப்பந்தத்தில் பிலீஸுக்குப் போயிருந்தார். பிலீஸ் 81-81 என்று சீசனை முடித்துக்கொண்டது.

அக்டோபர் வேறு விளையாட்டு

இதுவரை சொன்ன கணக்குகள் எல்லாம் அக்டோபரில் தலைகீழாகும். ஆறு மாதம் பொறுமையாக அளந்த தராசைத் தூக்கி எறிந்துவிட்டு, ஐந்து ஆட்டத்தில் மூன்று, ஏழு ஆட்டத்தில் நான்கு என்று தீர்ப்பு சொல்வார்கள். 116 ஆட்டம் ஜெயித்த மரினர்ஸ், இரண்டு லீகின் சாம்பியன்களும் மோதும் இறுதிச் சுற்றான வேர்ல்ட் சீரிஸுக்கே போகவில்லை.

ஆனால் அதிர்ஷ்டம் மட்டும் அல்ல. அக்டோபரில் ஓய்வு நாட்கள் அதிகம். அதனால் ஐந்து ஸ்டார்ட்டர்கள் தேவையில்லை, மூன்று நான்கு பேர் போதும். நேஷனல்ஸிடம் இருந்ததும் நான்கு பேர்தான்! கோடை முழுவதும் அவர்களைக் கொன்றுகொண்டிருந்த புல்பென்னை இப்போது ஏறக்குறைய ஒளித்துவைக்க முடிந்தது. மார்டினஸ் ஸ்டார்ட்டர்களையே நடுவில் கொண்டுவந்தார். மில்வாக்கி புரூவர்ஸோடு நடந்த வைல்ட் கார்டு ஆட்டத்தில் ஷெர்சருக்குப் பின்னால் வந்து மூன்று இன்னிங்ஸ் எறிந்தவர் ஸ்ட்ராஸ்பர்க். எட்டாவது இன்னிங்ஸில் 1-3 என்று பின்தங்கியிருந்தபோது 20 வயது சோட்டோ அடித்த பந்தை வலது பக்கத் தடுப்பாளர் கோட்டைவிட, மூன்று ரன். 4-3.

அடுத்து 106 ஆட்டங்கள் ஜெயித்த லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ். ஐந்தாவது, கடைசி ஆட்டம். நேஷனல்ஸுக்கு இந்தச் சுற்று ராசியே இல்லாத சுற்று. 2012, 2014, 2016, 2017 நான்கு முறையும் இங்கேயே வெளியேறியிருந்தார்கள். இந்த முறையும் எட்டாவது இன்னிங்ஸில் 1-3. ரெண்டோனும் சோட்டோவும் அடுத்தடுத்து ஹோம் ரன் அடித்துச் சமன் செய்தார்கள். பத்தாவதில் பேஸ் மூன்றிலும் ஆள் நிற்க, ஹோவி கென்ட்ரிக் அடித்த பந்து வேலியைத் தாண்டியது. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸை 4-0 என்று தாண்டியதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

வேர்ல்ட் சீரிஸில் எதிரி ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ், 107 வெற்றி. சீசனுக்கு முன் நடக்கும் வசந்த காலப் பயிற்சிக்கு புளோரிடாவின் வெஸ்ட் பாம் பீச்சில் ஒரே மைதான வளாகத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும் இரண்டு அணிகள் இவை. பிப்ரவரியில் பக்கத்து வீட்டுக்காரர்கள், அக்டோபரில் எதிரிகள். ஆறு மாதம் கூடுதலாக ஜெயித்ததற்கான பரிசாக, ஏழில் நான்கு ஆட்டம் ஹூஸ்டனின் சொந்த மைதானத்தில். அந்தப் பரிசு என்ன ஆயிற்று தெரியுமா? ஏழு ஆட்டங்களிலும் வெளியூர் அணியே ஜெயித்தது. வேர்ல்ட் சீரிஸில் அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை.

ஐந்தாவது ஆட்டத்தன்று கழுத்துப் பிடிப்பால் சட்டைகூடப் போட முடியாமல் கிடந்த ஷெர்சர், ஊசி போட்டுக்கொண்டு ஏழாவது ஆட்டத்தைத் தொடங்கினார். ஏழாவது இன்னிங்ஸ்வரை 0-2. ரெண்டோன் ஒரு ஹோம் ரன். சற்று நேரத்தில் கென்ட்ரிக் அடித்த பந்து வலது எல்லைக் கம்பத்தில் மோதியது, அதுவும் ஹோம் ரன்தான். 6-2 என்று முடிந்த ஆட்டத்தின் கடைசிப் பந்தை எறிந்தவர் ஜூலை 31ல் வந்த ஹட்சன். வாஷிங்டன் நகரத்துக்கு 1924க்குப் பிறகு கிடைத்த முதல் பட்டம்.

சரி, இனி ஒரு கணக்கு. 2020ல் கொரோனாவால் சீசனை 60 ஆட்டங்களாகச் சுருக்கினார்கள். நடப்புச் சாம்பியன் நேஷனல்ஸ் 26-34 என்று முடித்து, டிவிஷனின் அடிமட்டத்தில் மெட்ஸோடு சேர்ந்து நின்றது. 2019ல் முதல் 60 ஆட்டங்கள் முடிந்தபோது அவர்கள் கணக்கு 27-33.